பல் வைத்தியரின் நாற்காலிக்கு அருகில் ஒரு தொழில்

சென்ற விடுமுறையில் என் தாத்தாவின் மகள் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்தாள். மாத்தளை பஸ் நிலையத்தில் யாரோ கையில் கொடுத்ததாம். ஆறே மாதத்தில் பற்சிகிச்சை உதவியாளர், நூறு வீதம் வேலை, வெளிநாட்டு வாய்ப்பு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் எங்கும் இல்லை. "சாச்சி, நீங்களும் இந்த வேலதானே செய்றீங்க? நானும் சேரட்டா?" என்று கேட்டாள். உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாமல், ஒரு பக்கம் கல்யாணப் பேச்சும் மறுபக்கம் தையல் வகுப்புப் பேச்சுமாக வீட்டில் நின்றுகொண்டிருந்த பிள்ளை.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாலைகள் அவளோடு பேசினேன். நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, அந்தப் பேச்சையே எழுதிக் கொடுப்பது பயன் தரும் என்று தோன்றியது. அவளைப் போல இன்னும் பல தங்கைகள் இங்கே இருப்பார்கள்.

முதலில் இந்த வேலை என்ன என்பதைப் பார்ப்போம். "டொக்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற பிள்ளை" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதிதான். பற்சிகிச்சையில் நான்கு கை முறை என்று ஒன்றுண்டு. நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தலையுச்சி 12, நாடி 6. வலக்கைப் பழக்கமுள்ள வைத்தியர் ஏறக்குறைய 8 முதல் 12 வரையுள்ள பக்கத்தில் இருப்பார். உதவியாளர் 2 முதல் 4 வரையுள்ள பக்கத்தில், வைத்தியரைவிடச் சற்று உயரமாக அமர்வார். கருவிகள் கைமாறுவது நாடிக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே. கண்ணுக்கு மேலாக எதையும் கொண்டுபோகக் கூடாது. வைத்தியர் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே கை நீட்டுவார். அந்தக் கையில் சரியான கருவி, சரியான முனை எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமாக வந்து விழ வேண்டும். உங்கள் மற்றக் கையில் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் குழாய். நாக்கும் கன்னமும் துளையிடும் கருவியில் படாமல் காப்பதும் அந்தக் குழாய்தான்.

பிறகு பற்களின் கணக்கு. வளர்ந்தவருக்கு 32 பற்கள், பிள்ளைக்கு 20 பாற்பற்கள். வாயை நான்காகப் பிரித்து, நோயாளியின் வலது மேல் பக்கத்துக்கு 1, இடது மேலுக்கு 2, இடது கீழுக்கு 3, வலது கீழுக்கு 4 என்று எண் கொடுப்பார்கள். ஒவ்வொரு கால்பகுதியிலும் நடுவிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ண வேண்டும். வைத்தியர் "நாலு ஆறு" என்றால் வலது கீழ்ப் பக்கத்து ஆறாவது பல். பாற்பற்களுக்கு முதல் எண் 5 முதல் 8 வரை வரும். தவறான பல்லைக் குறித்துவிட்டால் தவறான பல் பிடுங்கப்படலாம் என்பதால் இதை மனனம் செய்யாமல் நாற்காலி அருகே யாரையும் விடக் கூடாது என்பது என் கருத்து. அந்த ஆறாவது பல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, பின்னால் புதிதாக முளைக்கும் நிரந்தரப் பல். நம் உம்மாமார் அதையும் பாற்பல் என்று நினைத்து, "விழத்தானே போகுது" என்று சொத்தையோடு விட்டுவிடுவார்கள். அந்தப் பல் போனால் மறுபடி முளைக்காது.

மருந்து குழைப்பதும் நம் வேலை. தற்காலிக அடைப்புக்கு நாகவொட்சைட்டுத் தூளை யூஜினோல் எண்ணெயில் குழைப்போம். யூஜினோல் என்பது கராம்பு எண்ணெயின் சாரம். மாத்தளை மலைச்சரிவுகளில் காயப்போடும் அதே கராம்பு மணம் கிளினிக்கில் எப்போதும் இருக்கும். தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். அவசரப்பட்டால் குழம்பாகிவிடும். செயற்கைப் பல் கட்ட அச்செடுக்கும் அல்ஜினேட் மாவோ இதற்கு நேர்மாறு. சில நிமிடங்களில் இறுகிவிடும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவாக. சித்திரை வெயிலில் தம்புள்ளைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் தண்ணீரைக் குளிரவைத்துத்தான் குழைக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது கண்ணுக்குத் தெரியாத வேலை: கிருமி நீக்கம். கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 100 பாகையில் சில கிருமிகளின் வித்துகள் சாவதில்லை. ஓட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிப் பாத்திரத்தில் 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் வைக்க வேண்டும். அதற்கு முன் கருவியில் ஒட்டியிருக்கும் இரத்தத்தையும் அழுக்கையும் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கின் மேல் நீராவி பட்டுப் பயனில்லை. பொதியில் ஒட்டும் நாடாவின் கோடு கறுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணக் கூடாது. சூடு பட்டது என்று மட்டுமே அது சொல்லும். இதை யாரும் பார்த்துப் பாராட்டுவதில்லை. நாற்காலியில் வந்து சாயும் நோயாளிக்கு அந்தக் கருவி எப்படிச் சுத்தமானது என்று தெரியாது. நம்மை நம்பித்தான் வாயைத் திறக்கிறார்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பாவித்த விறைப்பூசியின் ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டேன். மூடியை மேசையில் கிடத்தி, ஒரு கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும் என்பதை எனக்குப் பயிற்சி தந்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஈரல் அழற்சி பி தடுப்பூசியும் அப்போது நான் போட்டிருக்கவில்லை. ஆறு மாதம் இரத்தப் பரிசோதனையும் துஆவுமாகக் கழிந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. உங்களில் பலருக்கு அந்தத் தடுப்பூசி கைக்குழந்தையிலேயே போடப்பட்டிருக்கும். சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். போடாதவர்கள் வேலைக்குச் சேரும் முன் மூன்று தடவை போட்டுக்கொள்ள வேண்டும்: முதலாவது, ஒரு மாதத்தின் பின், ஆறாம் மாதம்.

இந்தத் தொழிலின் வரலாறு நம் பெண் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒன்று. 1885இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். அதற்கு முன் அந்நாட்டில் பெண்கள் தனியாகப் பல் வைத்தியரிடம் போவதில்லை. கணவனோ உறவுப் பெண்ணோ கூடப் போக வேண்டும். உள்ளே ஒரு பெண் உதவியாளர் இருக்கிறார் என்று வைத்தியர்கள் வாசலில் அறிவிக்கத் தொடங்கியபின் பெண்கள் துணையின்றி வரலானார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கிளினிக்தான் நினைவுக்கு வந்தது. கொங்காவெலயிலிருந்தும் வரக்காமுறையிலிருந்தும் வரும் பெண்களில் பலரின் கணவன்மார் வளைகுடாவில். கதவைத் திறந்ததும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். நான் அறையில் இருப்பதால் அந்நிய ஆணோடு தனித்திருக்கும் நிலை வராது. அது நோயாளிக்கு மட்டுமல்ல, வைத்தியருக்கும் பாதுகாப்பு.

அதே கெல்ஸ்தான் பல் வைத்தியத்தில் எக்ஸ்ரேயைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். அந்தக் கதிரில் கையை நீட்டி நீட்டி விரல்களை இழந்தார், பின் கையையும் இழந்தார், 1928இல் இறந்தார். ஆகவே, எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளை அசைகிறதே என்று படத்தட்டை நீங்கள் வாய்க்குள் பிடித்துக்கொள்ளாதீர்கள். யார் சொன்னாலும் பிடிக்காதீர்கள். கதிர் வரும் திசையில் நிற்காமல், இரண்டு மீற்றர் தள்ளியோ சுவருக்குப் பின்னாலோ நில்லுங்கள்.

நம் நாட்டிலும் பெண்களால் வளர்ந்த ஒரு பற்சிகிச்சைத் துறை இருக்கிறது. நியூசிலாந்தில் 1921இல் தோமஸ் ஹன்டர் என்பவர் இளம் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் தாதியராக அனுப்பினார். பெண்களின் கையில் துளைகருவியைக் கொடுப்பதா என்று பல் வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள். திட்டமோ வெற்றி பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. 1950இல் கொழும்பில் கூடிய மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து இலங்கைக்கும் உதவியது. அப்படி வந்ததுதான் மஹரகமப் பயிற்சிப் பாடசாலை. இன்று பாடசாலைகளில் நீங்கள் காணும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் அங்கே பயின்றவர்களே. "டென்டல் நர்ஸ்" என்று நாம் பயந்து ஒளிந்த அந்த மிஸ் இந்த வரலாற்றின் தொடர்ச்சி. பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. உதவியாளருக்கு இல்லை.

இந்த வேறுபாட்டை விளங்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல் வைத்தியர் என்பவர் பேராதனை போன்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவர். பாடசாலைப் பற்சிகிச்சையாளரும், செயற்கைப் பல் செய்யும் பல் தொழில்நுட்பவியலாளரும் சுகாதார அமைச்சின் பயிற்சி பெற்றவர்கள். அவற்றுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், உயர்தர விஞ்ஞானப் பாடப் பெறுபேறு கேட்பார்கள். விஞ்ஞானப் பிரிவில் படித்த தங்கைகள் வர்த்தமானியை ஒவ்வொரு வெள்ளியும் பார்க்க வேண்டும். தனியார் கிளினிக் உதவியாளர் இவர்களில் யாரும் இல்லை. கலைப் பிரிவில் படித்தவரும் வர்த்தகம் படித்தவரும் சாதாரண தரத்தோடு நின்றவரும்கூட இந்த வேலைக்கு வரலாம். அதுவே இதன் நன்மை, அதுவே இதன் பலவீனமும். யாரும் வரலாம் என்றால் யாரையும் மாற்றலாம் என்று முதலாளி நினைப்பார்.

அதனால்தான் சான்றிதழ் முக்கியமாகிறது. இந்த விடயத்தில் நானே ஏமாந்தவள். மாத்தளைக்கு வெளியே ஒரு நிறுவனத்தில் வாப்பா கடன்பட்டுக் கட்டிய பணத்தில் ஆறு மாதம் படித்தேன். சட்டம் போட்டு மாட்டும்படியான அழகான சான்றிதழ் தந்தார்கள். அதைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் காட்டியபோது, "இது எங்கே பதிவு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த ஓட்டோகிளேவையும் தொடாமல், ஒரு நோயாளியின் அருகிலும் அமராமல் முடித்த படிப்பு அது.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. ஆனால் நிறுவனம் பதிவானது என்பதும், நீங்கள் சேரும் கற்கைநெறி தரச்சான்று பெற்றது என்பதும் இரண்டு வேறு விடயங்கள். கணினி வகுப்புக்காகப் பதிவான நிறுவனம் அந்தப் பதிவிலக்கத்தைக் காட்டியே பற்சிகிச்சை உதவியாளர் வகுப்பையும் நடத்தலாம். எனவே என் மருமகளிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்ன கேள்விகள் இவை: உங்கள் பதிவிலக்கம் என்ன? இந்தக் கற்கைநெறி எந்த என்.வி.கியூ. மட்டத்துக்குரியது, அல்லது எதற்கும் உரியதல்லவா? எத்தனை மணித்தியாலம், எந்தக் கிளினிக்கில், எந்தப் பதிவு பெற்ற பல் வைத்தியரின் கீழ் செயல்முறைப் பயிற்சி? பதிலை எழுத்தில் தருவீர்களா?

என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிரசுரத்தில் "டிப்ளோமா" என்று போட்டிருந்தால் 5ஆம் மட்டமா என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் ஒரு டிப்ளோமா என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். மற்றொரு வழி, ஏற்கெனவே வேலை செய்து பழகியவர் தன் திறமையைப் பரீட்சித்துக் காட்டிச் சான்றிதழ் பெறுவது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் ஒருமுறை விசாரிப்பது நல்லது. தாதி உதவியாளர், பராமரிப்பாளர் போன்ற அண்மிய பயிற்சிகளும் அங்கே உண்டு. இப்படியொரு பயிற்சியோடு கிளினிக்கில் சேர்ந்தவர்கள் வெறும் பிரசுரச் சான்றிதழோடு வந்தவர்களைவிட விரைவாக வேலை பழகியதை நான் கண்டிருக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காமலே சேர்வது நம் பிள்ளைகளின் பழக்கம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. "பயிற்சிக் காலம்" என்று சொல்லி முழுநேர வேலை வாங்கிக்கொண்டு இதற்குக் கீழே கொடுக்கிற இடங்களைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். நான் முதலில் வேலை செய்த இடத்தில் இரண்டு வருடம் எனக்கு இவை கட்டப்படவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

நேரம்தான் எங்கள் ஊரில் பெரிய சிக்கல். அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியர்கள் பலர் கடமை முடிந்தபின் மாலையில்தான் தனியார் கிளினிக் நடத்துகிறார்கள். அஸருக்குப் பின் தொடங்கி இரவு எட்டரை ஒன்பது வரை போகும். டவுனில் இருக்கிற பிள்ளைக்குப் பரவாயில்லை. ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் போகிற பிள்ளை கடைசி பஸ்ஸை நினைத்தே நோயாளியைப் பார்க்க வேண்டியிருக்கும். சேரும் முன்னரே மஃரிப் தொழ இடமும் பத்து நிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு விடுவீர்கள், பிந்தினால் யார் கொண்டுவந்து விடுவது என்பதையும் கேளுங்கள். நான் கேட்டேன், வைத்தியர் ஒத்துக்கொண்டார். உடையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹிஜாப் இந்த வேலைக்குத் தடையல்ல, ஆனால் அதன் முனை தொங்கக் கூடாது. மேலங்கிக்குள் சொருகி, தினமும் மாற்ற வேண்டும். கை முழங்கை வரை கழுவ வேண்டும், ஐவேளை வுழூச் செய்கிறவர்களுக்கு அது புதிதல்ல.

இனி, எந்த வகுப்பிலும் சொல்லித் தராத ஒன்று. எங்கள் வைத்தியர் சிங்களவர். நோயாளிகளில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள், தோட்டங்களிலிருந்து வரும் அம்மாக்களும் அவர்களில் அடக்கம். ஒருவர் "கூசுது" என்பார், ஒருவர் "குத்துது", இன்னொருவர் "விண்விண்ணென்று தெறிக்குது, ராத்திரி தூங்க முடியல" என்பார். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் "ரிதெனவா" என்ற ஒரே சிங்களச் சொல்லால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வைத்தியர் என்னைத் திருத்தினார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி உடனே நின்றுவிடுவது ஒரு நிலை. ஒன்றும் படாமலே இரவில் தானாகத் தெறிப்பது, உள்ளே நரம்பு வரை போய்விட்ட வேறு நிலை. கடித்தால் மட்டும் வலிப்பது இன்னொன்று. நான் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் அவர் நோயை எப்படி அறிவது? அன்றிலிருந்து வலியைக் குறிக்கும் சொற்களை ஒரு கொப்பியில் இரண்டு மொழியிலும் எழுதிவைக்கத் தொடங்கினேன். சஞ்சிகையில் கவிதை எழுதுகிற தங்கைகள் சொல்லின் நுட்பத்தை இங்கேயும் வந்து பார்க்கலாம். நல்ல சிங்களம் தெரிந்த தமிழ்ப்பேச்சுப் பிள்ளைக்கு எங்கள் மாவட்டக் கிளினிக்குகளில் மதிப்புண்டு. ஆகவே இரண்டாம் மொழிப் பாடவேளையில் தூங்காதீர்கள்.

வெற்றிலை போடும் அம்மா ஒருவர் வாயை இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்க முடியாமல் அமர்ந்தால், அதைக் கண்டதும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களும் தப்பவில்லை. ஆனால் நோய் இன்னது என்று நாம் சொல்லக் கூடாது. வீதியில் கண்டு மாத்திரைப் பெயர் கேட்பவர்களுக்கும் சொல்லக் கூடாது. அழுக்குச் சுரண்டுவது போன்ற சிகிச்சையை உதவியாளரைக் கொண்டே செய்விக்கும் இடமானால் அங்கிருந்து விலகிவிடுங்கள். இஸ்லாமிய நாகரிகம் படிப்பவர்கள் குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியை அறிவீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் அத்தஸ்ரீப் நூலில் பற்காறை சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர். ஏறக்குறைய அதே வடிவக் கருவிகளைத்தான் நான் தினமும் தட்டில் அடுக்குகிறேன். அடுக்குவது என் வேலை, சுரண்டுவது வைத்தியரின் வேலை.

வெளிநாட்டைப் பற்றி மருமகள் அதிகம் கேட்டாள். வளைகுடா நாடுகளில் இந்த வேலை உண்டு, ஆனால் அந்தந்த நாட்டுச் சுகாதார அதிகாரத்தின் அனுமதி வேண்டும். தகைமையையும் அனுபவத்தையும் சரிபார்ப்பார்கள். பிரித்தானியாவில் 2008 முதல் பற்சிகிச்சைத் தாதியர் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆறு மாதத் தாளோடு விமானம் ஏறலாம் என்பது பிரசுரத்தின் கதை. உள்நாட்டிலேயே, நான்கைந்து வருட அனுபவமுள்ளவர் கண்டி போன்ற நகரங்களின் பெரிய கிளினிக்குகளில் வரவேற்பு, கணக்கு, பொருட்கொள்வனவு எல்லாவற்றையும் பார்க்கும் முகாமையாளராக உயர்வதுண்டு. அதற்கு மேல் ஏணி இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஏணி வேண்டும் என்றால் வேலையோடு ஒரு டிப்ளோமாவையும் படிக்க வேண்டும்.

மருமகள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். பதிவிலக்கத்தை உடனே சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்கு, "மேடம் வந்ததும் எடுக்கச் சொல்றோம்" என்றார்கள். ஒன்றரை மாதமாகிறது, மேடம் இன்னும் எடுக்கவில்லை. இப்போது வைத்தியரின் அனுமதியோடு சனிக்கிழமைகளில் எங்கள் கிளினிக்குக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் பல் பிடுங்குவதைக் காண முடியாமல் வெளி வாங்கில் போய் அமர்ந்துவிட்டாள். சென்ற வாரம் ஆறரை வயதுப் பிள்ளை ஒன்று வாயைத் திறந்தது. உம்மா, "பாற்பல்தானே, புடுங்கிருங்க" என்றார். வைத்தியர் பார்த்துச் சொல்வதற்காக நான் அட்டையில் பேனாவை வைத்துக் காத்திருந்தேன். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல், "சாச்சி, அது நாலு ஆறு இல்லையா?" என்றது.